ராணி சுட்ட துப்பாக்கியும் ராணிக்கு வந்த கட்டியும்: ஒரு நீண்ட த்ரெட்

1/
ஜனவரி வந்தால் யூடியூபில் ஒரு வகை வீடியோ வரிசையாக வரும், கவனிச்சிருக்கீங்களா? அமெரிக்காவின் லாஸ் வேகஸில் நடக்கும் ஷாட் ஷோ. துப்பாக்கித் தொழில்காரர்களின் வருடாந்தரக் கண்காட்சி. அரங்கம் திறப்பதற்கு முந்தின நாள், ஊருக்கு வெளியே ஒரு சுடுதளத்தில் புதுத் துப்பாக்கி, புது ஸ்கோப் எல்லாவற்றையும் அடுக்கி வைத்து, "சுட்டுப் பாருங்க"ன்னு கையில் கொடுத்துவிடுவார்கள்.

2/
துப்பாக்கியைப் பற்றி டாக்டருக்கு என்ன கவலைன்னு கேட்காதீங்க. இந்த "சுட்டுப் பாருங்க" வியாபாரத்தின் வரலாற்றுக்குள் எங்கள் துறையின் மிக முக்கியமான ஒரு கதை ஒளிந்திருக்கு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உட்காருங்க. 1860-க்குப் போவோம்.

3/
1860 ஜூலை 2. லண்டன் பக்கம் விம்பிள்டன் திடல். அதற்கு முந்தின வருடம் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தின் முதல் போட்டி. தொடங்கி வைக்க வந்தவர் விக்டோரியா ராணி. ஒரு ரைஃபிளை இரும்புத் தாங்கியில் பொருத்தி, குறி பார்த்து, ட்ரிகரில் பட்டுக் கயிறு கட்டித் தயாராக வைத்திருந்தார்கள். ராணி கயிற்றை இழுத்தார். 400 கஜ தூரத்தில் இருந்த இலக்கின் மையத்துக்கு ஒன்றரை அங்குலத்துக்குள் குண்டு போய்ப் பட்டது.

4/
அந்த ரைஃபிளைச் செய்தவர் ஜோசப் விட்வொர்த். மெக்கானிக் நண்பர்களுக்கு இந்தப் பேர் தெரியும். விட்வொர்த் மரை என்று சொல்றோமே, அதே ஆள்தான். குழலின் உட்புறத்தை அறுகோணமாகச் செய்திருந்தார். தூரமும் துல்லியமும் அபாரம். ஆனால் விலை அதிகம், குழலில் கரி சீக்கிரம் படியும் என்று பிரிட்டிஷ் ராணுவம் வாங்கவில்லை.

5/
வாங்கியவர்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென் மாநிலத்துக்காரர்கள். எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அவற்றில் சிலவற்றின் பக்கவாட்டில் ஒரு தொலைநோக்கி பொருத்தியிருந்தது. அதை வடிவமைத்தவர் டேவிட்சன் என்ற பம்பாய் ராணுவ அதிகாரி. இன்றைக்கு நீங்க வீடியோவில் பார்க்கும் ஸ்கோப்புகளுக்கு அது ஒரு கொள்ளுத்தாத்தா.

6/
இதில் ஒரு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க. ராணி கயிற்றை இழுத்தார், குண்டு பட்டது. ஒரு நொடி. கூட்டம் முழுக்கப் பார்த்தது. சந்தேகப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. ஆயுதம் விற்பவருக்கு இதுதான் பெரிய வசதி. அதன் வேலையைக் கண்ணெதிரே காட்டிவிடலாம்.

7/
அதே 1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு புது சர்ஜரி பேராசிரியர் வந்து சேர்ந்தார். ஜோசப் லிஸ்டர். அவர் கையிலும் ஒரு கண்டுபிடிப்பு உருவாகப்போகுது. ஆனால் அதை ஒரு நொடியில் காட்ட முடியாது. அங்கேதான் சிக்கல்.

8/
அந்தக் காலத்தில் எலும்பு உடைந்து, தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் அது கிட்டத்தட்ட மரண ஓலை. இன்றைக்கு பைக் ஆக்சிடெண்ட்டில் இந்த மாதிரி கேஸ் வந்தால் கழுவி, ஆன்டிபயாடிக் போட்டு, தியேட்டருக்கு எடுத்துப் போகிறோம். அன்றைக்குப் புண்ணில் சீழ் பிடிக்கும், விஷம் ரத்தத்தில் ஏறும், ஆள் போய்விடுவார். அதனால் முன்கூட்டியே காலை வெட்டிவிடுவார்கள். வெட்டின இடத்திலும் சீழ் பிடிக்கும்.

9/
1865 ஆகஸ்ட். 11 வயதுப் பையன் ஜேம்ஸ் கிரீன்லீஸ். வண்டிச் சக்கரம் ஏறி இடது கால் எலும்பு உடைந்து புண். லிஸ்டர் அந்தப் புண்ணை கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் மூடினார். பழைய சிவப்பு லைஃப்பாய் சோப்பின் வாசனை ஞாபகம் இருக்கா? அதே சமாச்சாரம்தான். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் பையன் இரண்டு காலோடு வீட்டுக்குப் போனான்.

10/
இந்த அனுபவங்களை லிஸ்டர் லான்செட் இதழில் தொடராக வெளியிட ஆரம்பித்தது 1867 மார்ச்சில். இந்த வருடத்தை மறக்காதீங்க. அடுத்த மாதம் ஏப்ரல் 1 அன்று பாரிஸில் உலகக் கண்காட்சி திறந்தது. இடம் ஷான் தெ மார்ஸ் மைதானம். இன்றைக்கு ஈஃபிள் கோபுரம் நிற்கும் இடம்.

11/
அங்கே கூட்டம் வாய் பிளந்து பார்த்த பொருள்களில் ஒன்று ஜெர்மனி எஸ்ஸன் நகரத்து ஆல்ஃபிரட் க்ரூப்பின் எஃகுப் பீரங்கி. எடை 50 டன். ஒரு குண்டே 1,000 பவுண்டு, அதாவது 450 கிலோவுக்கு மேல். ரஷ்யச் சக்கரவர்த்தி வந்தார், பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம் வந்தார், கூடவே பிஸ்மார்க் வந்தார். க்ரூப்புக்குப் பரிசும் கிடைத்தது.

12/
அதே கண்காட்சியில் இன்னொரு மூலை. அங்கே நின்றது ஆம்புலன்ஸ் வண்டி, ஆஸ்பத்திரிக் கூடாரம், மருந்துப் பெட்டி. அமெரிக்கப் போரில் காயம்பட்டவர்களுக்காகப் பொதுமக்கள் நடத்திய சானிட்டரி கமிஷனின் சாமான்கள். சொந்தச் செலவில் இதையெல்லாம் கொண்டுவந்து வைத்தவர் ஒரு பல் டாக்டர்! பேர் தாமஸ் எவன்ஸ். அமெரிக்கர். மூன்றாம் நெப்போலியன் சக்கரவர்த்திக்கே பல் பார்த்தவர். இதற்கும் பெரிய பரிசு கிடைத்தது.

13/
செஞ்சிலுவைச் சங்கங்களின் முதல் சர்வதேச மாநாடும் அதே ஆகஸ்டில் பாரிஸில்தான் நடந்தது. ஆக, உடைக்கும் கருவியும் ஒட்டும் கருவியும் ஒரே ஊரில், ஒரே கோடையில். எதற்கு வாங்குபவர்கள் கிடைத்திருப்பார்கள்னு நினைக்கிறீங்க?

14/
க்ரூப் நல்ல வியாபாரி. 1868-இல் தன் பீரங்கிகளின் சோதனை அறிக்கையை நெப்போலியனுக்கே அனுப்பிப் பார்த்தார். பிரான்ஸ் வாங்கவில்லை. வெண்கலப் பீரங்கியோடு நின்றுவிட்டது. பிரஷ்யாவிடம் பின்பக்கமாகக் குண்டு போடும் எஃகுப் பீரங்கி இருந்தது.

15/
பிரான்ஸிடம் நல்ல ஆயுதமே இல்லைன்னு சொல்ல வரலை. அவர்களுடைய ஷாஸ்போ ரைஃபிள் பிரஷ்யத் துப்பாக்கியைவிட இரண்டு மடங்கு தூரம் சுடும். மித்ரையூஸ் என்று பல குழல் கொண்ட துப்பாக்கியும் செய்து வைத்திருந்தார்கள். ஆனால் அதை அவ்வளவு ரகசியமாகப் பூட்டி வைத்ததில், போர் வந்தபோது எப்படிப் பயன்படுத்துவது என்றே பல பேருக்குத் தெரியவில்லை. சுட்டுப் பார்க்காத ஆயுதத்தின் கதி அது.

16/
1870 ஜூலை 19. போர். செப்டம்பர் தொடக்கத்தில் செடானில் நெப்போலியன் சரணடைந்தார். அடுத்த இரண்டு வாரத்தில் பாரிஸ் முற்றுகை. 1871 ஜனவரி 5 முதல் நகரத்துக்குள்ளேயே குண்டுகள் விழுந்தன. மூன்று வாரத்தில் சுமார் 12,000. சால்பெத்ரியேர், வால் தெ கிராஸ் ஆஸ்பத்திரிகளும் தப்பவில்லை. கண்காட்சியில் நின்ற அந்த 50 டன் ராட்சசன் வரவில்லை. அதன் தம்பிகள் வந்தன. நாலு வருடத்துக்கு முன் டிக்கெட் எடுத்துப் போய் ரசித்த அதே ஊர் மக்கள் தலைமேல்.

17/
சரி, அந்த ஆஸ்பத்திரிக் கூடாரங்கள்? அவை பாரிஸிலேயே இருந்தன. ஊருக்குள் ஒரு காலி இடத்தில் அமெரிக்கர்கள் அதே சாமான்களை வைத்து ஒரு ஆஸ்பத்திரி போட்டார்கள். எவன்ஸ் அங்கே இல்லை. பேரரசி யூஜெனியைத் தப்பிக்க வைத்து இங்கிலாந்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அது தனிப் படம் எடுக்கலாம்! சர்ஜரியைப் பார்த்துக்கொண்டவர் ஜான் ஸ்வின்பர்ன்.

18/
கடும் குளிர்காலம். தரையில் பள்ளம் தோண்டி, அடுப்பு வைத்து, புகைக் குழாயைக் கூடாரத்துக்கு அடியில் ஓடவிட்டார்கள். தரை சூடாகி உலர்ந்தது. மேலே காற்றோட்டம். காயம்பட்டால் தங்களை அங்கேதான் கொண்டு போகணும்னு பிரெஞ்சுச் சிப்பாய்கள் ஆசைப்பட்டதாக, முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட ஆங்கில நிருபர் ஹென்றி லபூஷேர் எழுதினார். மாடமாளிகை ஹோட்டல்களை ஆஸ்பத்திரி ஆக்கிய இடங்களில் சீழ்க்காய்ச்சல் வார்டு வார்டாகப் பரவியது.

19/
இப்போ கசப்பான கணக்கு. அந்தப் போரில் பிரெஞ்சுத் தரப்பில் விரல் உள்பட உறுப்பு நீக்கம் செய்யப்பட்டவர்கள் 13,000-க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் சுமார் 10,000 பேர். நாலில் மூன்று பேர்! க்ரூப் குண்டு ஒருமுறை அடித்தது. ஆஸ்பத்திரிக் கிருமி இரண்டாம் முறை அடித்தது.

20/
லிஸ்டரின் கட்டுரை வந்து அதற்குள் மூன்று வருடம் ஆகியிருந்தது. 1870 செப்டம்பரில், போர்முனைக் காயங்களுக்கு இந்த முறையை எப்படிச் செய்வது என்று ராணுவ டாக்டர்களுக்காகவே ஒரு குறிப்பும் எழுதி வெளியிட்டார். செய்து பார்த்தவர்கள் மிகச் சிலர். ஏன்?

21/
அந்த டாக்டர்களை முட்டாள்கள்னு திட்டாதீங்க. பீரங்கிக்குச் சாட்சி ஒரு நொடியில் கிடைக்கும். லிஸ்டர் முறைக்குச் சாட்சி கிடைக்க ஆறு வாரம் ஆகும். அதுவும் "சீழ் வரவில்லை" என்ற சாட்சி. வராத ஒன்றை எந்த ஸ்டாலில் வைத்துக் காட்டுவது? எதிரி யாருன்னே கண்ணுக்குத் தெரியாதபோது குறி எப்படி வைப்பது?

22/
இங்கேதான் லென்ஸ் மறுபடி கதைக்குள் வருது. பாரிஸில் எட்மண்ட் ஹார்ட்னாக் என்ற ஜெர்மானியர் அருமையான மைக்ரோஸ்கோப் செய்துவந்தார். 1870 போரால் ஜெர்மானியர் என்ற காரணத்துக்காக பாரிஸை விட்டு வெளியேறி பாட்ஸ்டாமுக்குப் போனார். அதே போரில் ஜெர்மன் தரப்பில் தானாக முன்வந்து வேலை பார்த்த ஒரு இளம் டாக்டர் ராபர்ட் கோக். பின்னாளில் அவர் ஆந்த்ராக்ஸ் கிருமியைப் பார்த்தது ஒரு ஹார்ட்னாக் மைக்ரோஸ்கோப்பில்.

23/
1878-இல் கோக் வெளியிட்ட ஆய்வு எதைப் பற்றி தெரியுமா? புண்களில் வரும் இன்ஃபெக்ஷன் பற்றி. அதற்கு உதவியது எர்ன்ஸ்ட் அபே கணக்குப் போட்டு ஸைஸ் கம்பெனி செய்த புது லென்ஸ் அமைப்பு. ஆமாம், இன்றைக்கு வேட்டைக்காரர்களுக்கு ரைஃபிள் ஸ்கோப் விற்கும் அதே ஸைஸ். கிருமியைக் கண்ணால் காட்டிய பிறகு வாதம் ஓய ஆரம்பித்தது.

24/
அதற்கு முன்பே மனம் மாறியவர்களும் உண்டு. எம்பிபிஎஸ் பிள்ளைகள் வோல்க்மன் கான்ட்ராக்சர் என்று மனப்பாடம் பண்றீங்களே, அந்த ரிச்சர்ட் வோல்க்மன் போருக்குப் போய் வந்து, தன் ஆஸ்பத்திரியில் இன்ஃபெக்ஷனோடு போராடிச் சலித்து, 1872-இல் லிஸ்டர் முறைக்கு மாறினார். அவர் வழியாக ஜெர்மனி மாறியது. சிப்பாய்களுக்கு அது இரண்டு வருடம் தாமதம்.

25/
ராணியை மறந்துடலையே? 1871 செப்டம்பர். போர் முடிந்து சில மாதங்கள். ஸ்காட்லாந்தின் பால்மோரல் அரண்மனையில் விக்டோரியா ராணிக்கு அக்குளில் பெரிய சீழ்க்கட்டி. கூப்பிட்டது யாரை? லிஸ்டரை. கார்பாலிக் ஸ்ப்ரே அடித்து, கட்டியைக் கீறி, ரப்பர் குழாய் வைத்துச் சீழை வடித்தார். ராணி நலமானார்.

26/
பட்டுக் கயிறு இழுத்து ரைஃபிளின் பெருமையை ஊருக்குக் காட்டிய அதே ராணி. பதினோரு வருடம் கழித்து அவருடைய அக்குளிலேயே லிஸ்டரின் முறை தன்னை நிரூபித்தது. ராணிக்குக் கிடைத்தது, செடானிலும் பாரிஸிலும் கிடந்த பையன்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் தொண்டையில் நிற்பது இதுதான்.

27/
இன்றைய ஆயுதக் கண்காட்சிகளிலும் ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டைகள், முதலுதவிப் பைகள் விற்கும் ஸ்டால்கள் உண்டு. கேமரா அந்தப் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. அடுத்த முறை வீடியோ பார்த்தால் தேடிப் பாருங்க.

28/
கடைசியா டாக்டரா ஒண்ணு. வீட்டில் யாருக்காவது வெட்டுக்காயமா? ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிங்க. சின்னக் காயம்னா ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவுங்க. காபித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். ஆழமான காயம், எலும்பு தெரியும் காயம்னா உடனே ஆஸ்பத்திரி. டிடி ஊசி எப்போ போட்டதுன்னு கேட்டு வைங்க. கண்ணுக்குத் தெரியலைன்னாலும் கிருமி இருக்கு. இதை நம்ப வைக்கத்தான் அவ்வளவு பேர் செத்தாங்க.

(முற்றும்.)