பெற்றோர் ஊட்டும் சமயம்



“பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே சமயத்தை ஊட்டலாமா? அறிவு முதிர்ந்தபின் அவர்களே ஆராய்ந்து தெளியட்டுமே” என்று கேட்போர் இக்காலத்திற் பலர் உளர். அவரெல்லாம் சமயப் பகைவர் அல்லர். பிள்ளைகளின் நன்மை கருதியே வினவுவோரும் அவருள் உண்டு. ஆதலின் இவ்வினாவை இகழ்ந்து ஒதுக்காது, நம் முன்னோர் வரலாற்றைத் துணைக்கொண்டு விடை காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தை நோக்குங்கள். 1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கு வந்து சேர்ந்தனர். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அவர்கள் கல்வியைப் பரப்பிய நன்றியை நாம் மறத்தலாகாது. ஆயினும் அப்பள்ளிகளில் கல்வியோடு கிறிஸ்து சமயமும் போதிக்கப்பட்டது. கல்வியையும் உத்தியோகத்தையும் வேண்டி ஞானஸ்நானம் பெற்றோர் பலர். பெற்றோரோ வீட்டில் திருநீறு அணிந்தனர், கோயிலுக்குச் சென்றனர், ஆனால் அவற்றின் கருத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தவர் சிலரே. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் கண்டு வருந்திய குறை இதுவேயாம்.

நாவலர் 1822இல் நல்லூரில், சைவமும் தமிழும் தழைத்த குடும்பத்திற் பிறந்தவர். இளமையிலேயே தந்தையாரை இழந்த அவரைத் தமையன்மார் பேணிக் கற்பித்தனர். பின்னர் அவர் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, அப்பாதிரியாரின் விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். பல ஆண்டுகள் பிற சமய நூலோடு பழகியும் அவர் தம் நெறியினின்றும் வழுவவில்லை. காரணம் யாது? இளமையில் இட்ட அடித்தளம் உறுதியாய் இருந்தமையே. தன் சமயத்தை அறிந்த பிள்ளை பிற சமயத்தைக் கற்க அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கு அவரே சான்று.

1847 டிசம்பர் 31இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் அவ்வூரிலேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1864இல் சிதம்பரத்திலும் ஒரு பள்ளி கண்டார். இல்லறம் ஏலாத அப்பெருமகனார், பிறர் பெற்ற பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களும் சைவ வினாவிடையும் எழுதினார். வினாவிடை என்னும் பெயரையே சிந்தியுங்கள். பிள்ளை வினவும், பெரியோர் விடை கூறுதல் வேண்டும். விடை கூறாது “சொன்னதைச் செய்” என்று அதட்டுவது சமயம் ஊட்டுதல் ஆகாது.

இனி, முறையாக ஊட்டியும் பிள்ளை வேறு நெறி சென்றால் யாது செய்வது? பெற்றோரைக் கலக்கும் கேள்வி இது. இதற்குத் திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறே விடை. புகழனாரும் மாதினியாரும் சைவராகவே வளர்த்த மருள்நீக்கியார், பெற்றோர் மறைந்தபின், நிலையாமையைக் கண்டு, மெய்ந்நெறி தேடிச் சமணம் புகுந்து தருமசேனர் ஆனார். தமக்கையார் திலகவதியார் தம்பியைத் தடுத்துக் கட்டிவைத்தாரல்லர். திருவதிகையில் திருத்தொண்டு செய்துகொண்டே இறைவனிடம் முறையிட்டார். சூலைநோய் வருத்தத் தம்பி ஆளனுப்பி அழைத்தபோதும், தம் நெறி விட்டு அச்சமண மடத்துக்கு வர இசைந்தாரில்லை. ஆனால் தம்பியே இரவில் நாடி வந்தபோது, கதவை அடைத்தாரில்லை. திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். தன் நெறியில் உறுதி, உடன்பிறந்தார்மேல் அன்பு ஆகிய இரண்டும் ஒருங்கே நின்றமையால், திரும்பி வர அவருக்கு ஒரு வீடு இருந்தது.

இக்காலச் சட்டங்களும் இக்கருத்துக்கு மாறுபடவில்லை. அரசின் அங்கீகாரமோ உதவிப் பணமோ பெறும் பள்ளிகளில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் இசைவின்றிச் சிறுவரைச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது இந்திய அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையோ, பிள்ளையின் சமய சுதந்திரத்தை ஒப்புக்கொண்டு, அதன் அறிவு வளர்ச்சிக்கேற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்கிறது.

வளர்ந்தபின் மொழியைத் தானே தெரிந்து கொள்ளட்டும் என்று எத்தாயும் குழந்தையோடு பேசாதிருப்பதில்லை. தாய்மொழி கற்ற குழந்தையே பிறமொழியும் கற்கும். ஒன்றுமே அறியாத பிள்ளைக்கு எதை ஆராய்வது, எதைத் தெளிவது?

ஆதலின் அன்பர்களே, ஊட்டுதல் நம் கடன். திணித்தல் நம் கடனன்று. இன்று திருவிழா கண்டு இல்லம் திரும்பும்போது, உங்கள் பிள்ளை “இத்தேர் ஏன்? இந்நீறு ஏன்?” என்று வினவுமாயின், வாயடைத்து விடாதீர்கள். விடை தெரியாவிடில் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவ்வினாவே சமய வாழ்வின் தொடக்கம்.

திருச்சிற்றம்பலம்.