வண்ண ஒளி வீசும் மெக்கானிக்கல் விசைப்பலகை: குறைந்த விலையில் வாங்குவோர் அறிய வேண்டியவை

பாறசாலை: கணினி விளையாட்டுகளுக்கென விற்பனையாகும் வண்ண ஒளி விசைப்பலகைகள் இன்று சிற்றூர் வீடுகளையும் எட்டியுள்ளன. சுமார் 1,500 ரூபாய் முதல் 3,500 ரூபாய் வரையிலான விலையில் கிடைக்கும் இவற்றில் உண்மையான மெக்கானிக்கல் விசைப்பலகைகளும் உண்டு. வெளித்தோற்றத்தில் மட்டும் அவற்றை ஒத்த சாதாரண வகையும் உண்டு. இரண்டுமே ஒளிர்வதால் படத்தைப் பார்த்து வேறுபாடு காண்பது கடினம்.

கேரள - தமிழ்நாடு எல்லையில் அமைந்துள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை பகுதி இளைஞர்களுக்கு இந்தத் தேர்வு சற்று கூடுதல் முக்கியத்துவம் கொண்டது. தமிழும் மலையாளமும் ஒருசேரப் புழங்கும் இப்பகுதியில், மாலையில் விளையாட உதவும் அதே விசைப்பலகைதான் தட்டச்சுத் தேர்வுக்கும் வேலைவாய்ப்பு விண்ணப்பத்துக்கும் உதவ வேண்டியுள்ளது. வீட்டுக்கு ஒரு விசைப்பலகை மட்டுமே வாங்க இயலும் குடும்பங்களுக்குத் தவறான தேர்வு பண இழப்பாகவும், பயிற்சி இழப்பாகவும் முடியும்.

மெக்கானிக்கல் என்பது என்ன?

சாதாரண விசைப்பலகையில் எல்லா விசைகளுக்கும் அடியில் ரப்பர் குமிழ்கள் கொண்ட ஒரே விரிப்பு இருக்கும். விசையை அழுத்தும்போது குமிழ் அமுங்கி, அதன் கீழுள்ள மெல்லிய தாள்களில் அச்சிடப்பட்ட மின்தடங்கள் ஒன்றையொன்று தொடும். காலப்போக்கில் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் சீராக இருக்காது. ஒரு விசை பழுதானாலும் முழுப் பலகையையும் மாற்ற நேரிடும்.

மெக்கானிக்கல் வகையில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச் உண்டு. அதனுள் ஒரு சுருள்வில், மேலும் கீழும் நகரும் தண்டு, இரு உலோகத் தொடுமுனைகள் ஆகியவை அமைந்திருக்கும். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980-களில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ் சுவிட்சே இன்று இத்துறையின் அளவுகோலாகும். இவ்வகையில் விசை மொத்தம் 4 மி.மீ. வரை கீழிறங்கும், ஏறத்தாழ 2 மி.மீ. இறங்கியதுமே எழுத்து பதிவாகிவிடும். அந்நிறுவனத்தின் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியானதைத் தொடர்ந்து, கெயில், அவுடெமு, கேட்டரான் போன்ற சீன நிறுவனங்கள் அதே வடிவில் சுவிட்சுகளைத் தயாரிக்கின்றன. விலை பெருமளவு குறைந்ததற்கு இதுவே முக்கியக் காரணம்.

நீலம், சிவப்பு, பழுப்பு

சுவிட்சுகள் தண்டின் நிறத்தால் அழைக்கப்படுகின்றன. நீல வகை அழுத்தும்போது விரலில் ஒரு தடையும் காதில் 'கிளிக்' ஒலியும் தரும். தட்டச்சுக்கு இது இதமானது; ஆனால் ஓசை மிகுந்தது. சிவப்பு வகையில் தடையும் ஒலியும் இல்லை. தண்டு நேராக இறங்குவதால் விரைந்து அழுத்த வேண்டிய விளையாட்டுகளுக்குப் பலர் இதைத் தேர்ந்தெடுக்கின்றனர். பழுப்பு வகை மெல்லிய தடையை மட்டும் தரும். கிளிக் ஒலி இராது.

வீட்டில் மற்றவர்கள் உறங்கும் அறையிலேயே படிக்கவோ விளையாடவோ வேண்டியிருப்பவர்கள் நீல வகையைத் தவிர்ப்பது நல்லது. விளையாட்டு, தட்டச்சு ஆகிய இரண்டுக்கும் ஒரே பலகை வேண்டுவோருக்குப் பழுப்பு வகை பொருத்தமாக அமையும்.

ஒரு சுவிட்ச் 5 கோடி அழுத்தங்களைத் தாங்கும் எனப் பல நிறுவனங்கள் பெட்டியில் அச்சிடுகின்றன. ஒரு விசையை நாளொன்றுக்கு 1,000 முறை அழுத்தினாலும் இந்த எண்ணிக்கையை எட்ட 50,000 நாள்கள், அதாவது சுமார் 137 ஆண்டுகள் ஆகும். எனவே இந்த எண்ணை மட்டும் கொண்டு தரத்தை மதிப்பிடுவதில் பயனில்லை. கம்பி இணையும் துளை, பற்றவைப்பு, விளக்குகள், விசைமூடியின் எழுத்து ஆகியவையே பெரும்பாலும் முதலில் தேய்மானத்துக்கு உள்ளாகும். கழற்றிப் பொருத்தக்கூடிய கம்பி, சூடுபடுத்தாமலேயே மாற்றத்தக்க 'ஹாட் ஸ்வாப்' சுவிட்ச் ஆகியவை இருந்தால் பழுதை வீட்டிலேயே சரிசெய்யலாம். ஹாட் ஸ்வாப் பலகைகளில் 3 ஊசி, 5 ஊசி என இரு அமைப்புகள் இருப்பதால் மாற்றுச் சுவிட்ச் வாங்கும் முன் அதைக் கவனிக்க வேண்டும்.

ஒளியில் உள்ள வேறுபாடு

'ஆர்ஜிபி' எனப்படும் ஒளியமைப்பில் ஒவ்வொரு விசையின் கீழும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிற விளக்குகள் ஒரே கூட்டில் இருக்கும். ஒவ்வொரு நிறத்தின் அளவையும் 256 படிகளில் மாற்ற முடிவதால், மூன்றும் சேர்ந்து சுமார் 1.67 கோடி வண்ணக் கலவைகளைத் தரும். குறைந்த விலைப் பலகைகள் பலவற்றில் இருப்பது இதுவன்று. 'ரெயின்போ' என்ற பெயரில் வரிசைக்கு ஒரு நிறம் என நிலையான விளக்குகளே பொருத்தப்பட்டிருக்கும். அவற்றில் ஒளி மின்னும் முறையை மாற்றலாமே தவிர நிறத்தை மாற்ற இயலாது.

வெண்மை உள்ளிட்ட இத்தனை கலவைகளுக்கும் வழிவகுத்தது திறன்மிக்க நீல நிற எல்இடி விளக்காகும். அதை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகாமுரா ஆகியோருக்கு 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒளியமைப்பை முழுமையாகக் கட்டுப்படுத்தும் மென்பொருளைப் பெரும்பாலான நிறுவனங்கள் விண்டோஸுக்கு மட்டுமே அளிக்கின்றன. கேரள அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் வழங்கும் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் பழகிய மாணவர்கள், 'எஃப்என்' விசையுடன் பிற விசைகளைச் சேர்த்து அழுத்தி ஒளியை மாற்றும் வசதி பலகையிலேயே உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். தட்டச்சு எந்த இயங்குதளத்திலும் தடையின்றி நடைபெறும். கம்பியில்லா வகையில் விளக்கு எரிந்தால் மின்கலம் விரைவில் தீரும் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

வாங்கும்போது ஏமாறாதிருக்க

விளம்பரத்தில் 'மெக்கானிக்கல் ஃபீல்' என்றிருந்தால் அது பெரும்பாலும் ரப்பர் விரிப்புப் பலகையே. உண்மையான மெக்கானிக்கல் பலகையின் விவரப் பட்டியலில் சுவிட்சின் நிறமோ, தயாரிப்பாளரோ குறிப்பிடப்பட்டிருக்கும். கடையில் நேரில் வாங்குவோர் ஒரு விசைமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். அடியில் கூட்டல் குறி வடிவத் தண்டுடன் தனி சுவிட்ச் தெரிந்தால் அது மெக்கானிக்கல் என்று பொதுவாகக் கொள்ளலாம்.

விளையாட்டில் ஒரே நேரத்தில் பல விசைகளை அழுத்த நேரிடும். விசைகள் வரிசையும் நிரலுமாகப் பின்னப்பட்ட மின்தடங்களில் இணைக்கப்பட்டிருப்பதால், தரம் குறைந்த பலகைகளில் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நான்காவது விசை பதிவாவதும், அழுத்தியது பதிவாகாமல் போவதும் உண்டு. ஒவ்வொரு விசைக்கும் ஒரு டயோடு வைப்பதன் மூலம் இது தவிர்க்கப்படுகிறது. 'என்-கீ ரோல்ஓவர்' என்று குறிக்கப்பட்ட பலகைகள் எல்லா விசைகளையும் தனித்தனியே உணரும்.

அளவும் முக்கியம். முழு அளவுப் பலகையில் 104 விசைகளும், எண் பகுதி இல்லாத வகையில் 87 விசைகளும், 60 விழுக்காட்டு வகையில் 61 விசைகளும் இருக்கும். 61 விசை வகையில் திசைக்குறி விசைகளும் மேல்வரிசை எஃப் விசைகளும் தனியாக இரா. தரவு உள்ளீடு, கணக்குப் பதிவு போன்ற வேலைகளுக்குத் தயாராகுவோர் எண் பகுதி உள்ள பலகையை வாங்குவதே ஏற்றது.

விசைமூடிகள் ஏபிஎஸ், பிபிடி என்ற இரு வகைப் பிளாஸ்டிக்கில் கிடைக்கின்றன. ஏபிஎஸ் விரைவில் வழவழப்பாகித் தேயும். பிபிடி நீண்ட நாள் தாங்கும். இரட்டை வார்ப்பு முறையில் செய்யப்பட்ட மூடியில் எழுத்து வேறொரு பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் அது அழியாது.

தமிழ்நாட்டின் பழைய மெக்கானிக்கல் பலகை

இந்தியாவில் மெக்கானிக்கல் விசைப்பலகை விளையாட்டு மோகத்துடன் வந்த புதுப்பொருள் அன்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் 'கோல்டு' விசைப்பலகை, அலுவலகங்களிலும் கடைகளிலும் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த ரூபாய்க் குறியீட்டை மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் அக்குறியீடு பொறித்த 'கோல்டு பாரத்' பலகையை இந்நிறுவனம் வெளியிட்டது. இதில் வண்ண விளக்குகள் இல்லை. விளையாட்டைவிடத் தட்டச்சே முதன்மை என்போருக்கு, இதே விலை வரம்பில் இது ஒரு மாற்று.

ரூபாய்க் குறியீடு பொறிக்கப்படாத பலகையிலும் அதைத் தட்டச்சு செய்ய முடியும். விண்டோஸில் 'ஆங்கிலம் (இந்தியா)' அமைப்பைத் தேர்ந்தெடுத்து, வலப்புற ஆல்ட் விசையுடன் 4-ஐ அழுத்தினால் போதும்.

ஒரே விசையில் இரு மொழிகள்

குறைந்த விலை விளையாட்டுப் பலகைகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுடனேயே வருகின்றன. அவற்றின் மீது தமிழ் அல்லது மலையாள எழுத்து ஒட்டிகளை ஒட்டினால், எழுத்தின் வழியே வர வேண்டிய ஒளி மறைந்துவிடும். விசையைப் பாராமல் தட்டச்சு செய்யப் பழகுவதே இதற்குத் தீர்வு. விசையில் எந்த எழுத்து பொறிக்கப்பட்டிருந்தாலும், எந்த எழுத்து திரையில் தோன்ற வேண்டும் என்பதை முடிவு செய்வது இயங்குதளமே.

தமிழுக்கு இன்று பரவலாக உள்ள அமைப்புகளில் ஒன்று தமிழ்99. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடைபெற்ற தமிழ்நெட்99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் இதை ஏற்றது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்திருப்பதால் இதில் வேகம் எளிதில் கைவரும். விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் புதுப்பிப்பு முதல் இது இயங்குதளத்துடனேயே கிடைக்கிறது.

மற்றொன்று இன்ஸ்கிரிப்ட். இந்திய எழுத்துகள் அனைத்துக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட இது, 1991-ஆம் ஆண்டின் ஐஎஸ் 13194 தரத்தில் இடம்பெற்றது. இதில் ஒலி ஒன்றாயின் விசையும் ஒன்றே. தமிழில் 'க' எழுதப் பயன்படும் ஆங்கில 'கே' விசையே மலையாளத்திலும் 'க' தரும். 'ப'வுக்கு 'ஹெச்', 'ர'வுக்கு 'ஜே', 'த'வுக்கு 'எல்', 'ம'வுக்கு 'சி', 'ல'வுக்கு 'என்', 'வ'வுக்கு 'பி' என்பன இரு மொழிகளுக்கும் பொது. ஷிஃப்ட் விசையுடன் 'ஜே', 'என்', 'பி' ஆகியவற்றை அழுத்தினால் இரு மொழிகளிலும் முறையே 'ற', 'ள', 'ழ' கிடைக்கும். கேரளத்தில் மலையாளத் தட்டச்சுக்கு இன்ஸ்கிரிப்ட் பரவலாகப் பயன்படுவதால், இதைக் கற்ற எல்லையோர மாணவர் ஒரே பயிற்சியில் இரு மொழிகளிலும் தேர்ச்சி பெறலாம். தேர்வுக்குத் தயாராகுவோர், அந்தத் தேர்வு எந்த அமைப்பைக் கோருகிறது என்பதை அறிவிக்கையில் உறுதிசெய்துகொண்ட பின்னரே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

இதன் பயன் தேர்வோடு முடிவதில்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தின் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசுடன் தங்கள் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. தமிழில் மனு எழுதும் உரிமை சட்டத்தில் உள்ளது. அதைக் கணினியில் பிழையின்றி எழுதும் பழக்கம் விரலில் இருக்க வேண்டும்.

எல்லை கடந்து வாங்கினால்

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது விளவங்கோடு உள்ளிட்ட வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நீடித்தது. பாறசாலையில் வசிப்பவர் களியக்காவிளை, மார்த்தாண்டம் சென்று பொருள் வாங்குவது வழக்கமான ஒன்று. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜிஎஸ்டி முறையில் விசைப்பலகைக்கான வரி இரு மாநிலங்களிலும் 18 விழுக்காடே என்பதால், எல்லை கடப்பதால் வரி மிச்சமாகாது. 'பில் இல்லாமல் விலை குறைவு' என்ற பேச்சுக்கு இணங்கினால் உத்தரவாதத்தையே இழக்க நேரிடும்.

கம்பியில்லா விசைப்பலகைகள் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் வருகின்றன. அவற்றில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துடன் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணை உள்ளிட்டு உண்மைத் தன்மையைச் சரிபார்க்கலாம். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, இறக்குமதியாளரின் பெயர், முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருப்பதும் கட்டாயம்.

பொருள் குறைபாடுடையதாக இருந்து விற்பனையாளர் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் அளிக்க முடியும். எனவே மார்த்தாண்டத்தில் வாங்கிய பொருளுக்காகப் பாறசாலைவாசி திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருள்களுக்குக் கட்டணம் இல்லை.

பராமரிப்பு

கடற்காற்றும் மழைக்கால ஈரப்பதமும் மிகுந்த இப்பகுதியில் சுவிட்சின் உலோகத் தொடுமுனைகள் மங்க வாய்ப்புண்டு. பயன்படுத்தாத நேரத்தில் பலகையைத் துணியால் மூடி வைப்பதும், மாதம் ஒருமுறை மூடிகளைக் கழற்றி உலர்ந்த தூரிகையால் தூசி நீக்குவதும் போதுமானவை. தேநீர் சிந்தினால் உடனே கம்பியைப் பிடுங்கி, பலகையைக் கவிழ்த்து வைத்து, முழுமையாக உலர்ந்த பின்னரே மீண்டும் இணைக்க வேண்டும். பெட்டியுடன் வந்த ரசீதை உத்தரவாதக் காலம் முடியும் வரை பாதுகாப்பது அவசியம்.