திருநாள் துப்புரவும் தோட்டத்து வாய்க்காலும்



மார்கழி முடியப் போகிறது என்றால் நம் தோட்டத்து வீடுகளில் வேலை தொடங்கிவிடும். பாயும் தலையணையும் வெயிலுக்கு வரும். பரணில் கிடந்த தகரப் பெட்டி கீழே இறங்கும். ஒட்டடைக் கம்பு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு இரவல் போகும். போகியன்று கிழிந்த பாயையும் தேய்ந்த விளக்குமாற்றையும் எரித்துவிட்டுப் பொங்கலை வரவேற்கிறோம். நம்மோடு வாழும் சீனரும் புத்தாண்டுக்கு முன்பே வீட்டைப் பெருக்கி முடித்துவிடுவார்கள். முதல் நாளன்று துடைப்பத்தைத் தொட்டால் வந்த அதிர்ஷ்டம் வெளியே போய்விடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நோன்புப் பெருநாளுக்கு முன் மலாய்க்காரர் வீடுகளிலும் இதே பரபரப்பைக் காணலாம்.

இந்தப் பழக்கம் நமக்கு இந்த நாட்டுக்கு வந்தபின் ஏற்பட்டதன்று. நம் பாட்டிமார் கப்பலேறியபோது உடன் கொண்டு வந்தது. மண் தரையானால் சாணமிட்டு மெழுகினார்கள். விடியுமுன் வாசல் தெளித்தார்கள். அப்படியிருந்தும் 1900-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களில் நம் மக்கள் காய்ச்சலில் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அது ஏன்? வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தவர்களை நோய் எப்படித் தேடி வந்தது? இன்று இந்தக் கேள்வியைத்தான் நாம் ஆராயப் போகிறோம்.

அந்தக் காய்ச்சல் மலேரியா. இத்தாலிய மொழியில் இச்சொல்லுக்குக் 'கெட்ட காற்று' என்று பொருள். சதுப்பு நிலத்திலிருந்தும் புதிதாகக் கிளறிய மண்ணிலிருந்தும் எழும் நச்சுக் காற்றே இந்நோயைத் தருகிறது என்று படித்தவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். தோட்டங்களில் சாவு பெருகியபோது, தொழிலாளரின் அழுக்குப் பழக்கமும் பலவீனமான உடம்புமே காரணம் என்று பழி போட்டவர்களும் உண்டு. உண்மை வேறிடத்தில் இருந்தது.

1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்தராபாத்தில், டாக்டர் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். காற்றன்று, அனோபிலிஸ் என்னும் இனக் கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்று பின்னர் உறுதியாயிற்று. இதற்காக அவருக்கு 1902-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கண்டுபிடிப்பு மலாயாவில் சோதனைக்கு வந்த இடம் கிள்ளான். 1901-இல் மால்கம் வாட்சன் என்ற இளம் ஸ்காட்லாந்து மருத்துவர் அங்கே பணியேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. 1972 முதல் போர்ட் கிள்ளான் என்று வழங்கும் துறைமுகம் இதுதான். திறந்த சில வாரங்களிலேயே காய்ச்சல் பரவியது. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் இல்லாத நிலை வந்தது. துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது.

வாட்சன் சதுப்பு நிலத்தின் நீரை வடிக்கச் சொன்னார். ஊரைச் சுற்றிய காட்டை வெட்டச் சொன்னார். வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. பலன் உடனே தெரிந்தது. கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய இரண்டு ஊர்களிலும் 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் அத்தொகை 59, 1905-இல் 45. வீடுகளும் மக்களும் பழையபடியே இருந்தார்கள். மாறியது வீட்டுக்கு வெளியே நின்ற தண்ணீர்தான்.

ஆனால் நேயர்களே, கதை இத்துடன் முடியவில்லை. கடலோரத்தில் வென்ற முறையை உள்நாட்டு மலைச்சரிவுத் தோட்டங்களிலும் கையாண்டார்கள். பள்ளத்தாக்குகளில் காட்டை வெட்டி ஓடைகளைத் திறந்துவிட்டார்கள். பார்ப்பதற்கு இடம் பளிச்சென்று இருந்தது. காய்ச்சலோ குறையவில்லை; பல இடங்களில் கூடவும் செய்தது!

காரணம் இதுதான். மலேரியாக் கொசுவில் பல வகைகள் உண்டு. கடலோரத்தில் நோய் பரப்பிய வகை, மர நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடுவது. வெயில் பட்டதும் அது ஒழிந்தது. மலைச்சரிவில் வாழும் மாக்குலேட்டஸ் என்னும் வகையோ, வெயில் படும் தெளிந்த ஊற்று நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டியதால் அதற்கு வீடு கட்டிக் கொடுத்ததுபோல் ஆயிற்று. துப்புரவு செய்கிறோம் என்று எண்ணியே நோய்க்கு இடம் கொடுத்துவிட்டார்கள். எந்த இடத்தில் எதை நீக்க வேண்டும் என்ற அறிவு இல்லாத சுத்தம் நம்மைக் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிறகு மலைத் தோட்டங்களுக்கு வேறு வழி கண்டார்கள். ஊற்று நீரை நிலத்தடிக் குழாய்களில் விட்டு வெயில் படாமல் மறைத்தார்கள். அது இயலாத இடங்களில் வாய்க்கால் நீர்மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப்புழு நீரின் மேற்பரப்புக்கு வந்துதான் மூச்சு விடும். எண்ணெய்ப் படலம் அந்த மூச்சை அடைத்துவிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமோ சற்று அதிகமோ ஆகும். ஆகவே எண்ணெய் தெளிப்பு வாரந்தோறும் தவறாமல் நடக்க வேண்டியிருந்தது. இதனுடன் பிரட்டுக்களத்தில் கசப்பான கொயினா மருந்தும் கொடுத்தார்கள்.

வாட்சனின் பெயர் வரலாற்று நூல்களில் இருக்கிறது. அது அவருக்குத் தகும். ஆனால் தோட்டங்களில் இடுப்பளவு சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவர்கள் யார்? முதுகில் எண்ணெய்த் தகரத்தைச் சுமந்து வாய்க்கால் வாய்க்காலாக நடந்தவர்கள் யார்? பெரும்பாலும் நம் பாட்டன்மார்தாம். அவர்கள் பெயரை எந்த நூலும் எழுதி வைக்கவில்லை. தோட்டத்தில் பழைய வாய்க்காலைக் கடந்து போகும்போது பிள்ளைகள் அவர்களை ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த உழைப்பு எவ்வளவு அவசியமானது என்பதை ஜப்பானியர் காலம் காட்டியது. 1941 டிசம்பரில் போர் வந்தது. வாய்க்கால்களைத் தூர் எடுப்பார் இல்லை. எண்ணெயும் மருந்தும் கிடைக்கவில்லை. 1945-க்குள் மலேரியா பழையபடி தோட்டங்களுக்குள் புகுந்துவிட்டது. பல ஆண்டு உழைப்பின் பயன் மூன்றரை ஆண்டில் கரைந்து போயிற்று. துப்புரவை ஒருமுறை செய்து முடித்துவிட்டோம் என்று கைகழுவ முடியாது.

போருக்குப்பின் பணி மறுபடி தொடர்ந்தது. 1967-இல் மலேசிய அரசு மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2018-இல், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா இந்நாட்டிலேயே ஒருவருக்கும் தொற்றவில்லை என்ற நிலை வந்தது. குரங்குகளிடமிருந்து வரும் மலேரியா மட்டும் இன்னும் உண்டு. காட்டோரம் வேலை செய்பவர்கள் காய்ச்சல் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்பி வருவோம். இன்று நம்மை அச்சுறுத்துவது டெங்கி. அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு வாய்க்காலைத் தேடுவதில்லை. வீட்டைத் தேடி வருகிறது. அழுக்கு நீரைவிடத் தெளிந்த நீரையே விரும்புகிறது. சாமி மேடைப் பூச்சாடி, மூடாத தண்ணீர்ப் பீப்பாய், கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், மழைநீர் நின்ற பால் மங்கு ஆகிய எல்லாமே அதற்கு இடந்தான். 1975-இல் வந்த சட்டத்தின்படி, வீட்டு வளாகத்தில் கொசு பெருக விடுவது தண்டனைக்குரிய குற்றமாகும்.

தாய்மார்கள் ஒன்றை மறவாமல் இருக்க வேண்டும். பாத்திரத்து நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். வாய்க்கால் உடைந்து நீர் தேங்கினால், அது நம் தலைவிதி என்று இருந்துவிடாமல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். சுகாதாரமான குடியிருப்பு நிர்வாகம் போடும் பிச்சையன்று. நம் முன்னோர் உயிரைக் கொடுத்துக் கற்றுத்தந்த பாடம்.

போகியன்று வீட்டுக்குள் ஒட்டடை அடித்து முடித்தபின், விளக்குமாற்றை எறியுமுன் கொல்லைப்புறத்தையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கவிழ்க்க வேண்டியதைக் கவிழ்த்து, மூட வேண்டியதை மூடுங்கள். அடுத்த வாரமும் அதையே செய்யுங்கள். அப்போதுதான் நம் திருநாள் துப்புரவு முழுமை பெறும்.