பல்லும் பெயரும்: யப்பானில் எக்ஸ்றே ஆய்வும் நாவல்களும்

பேரழிவுகளில் இறந்தவர் யார் என்று உறுதிசெய்ய இன்ரர்போல் மூன்று முதன்மை வழிகளை ஏற்கிறது: கைரேகை, பல், மரபணு. பல்லுக்கு இந்த இடம் கிடைத்ததற்குக் காரணம் எளிது. பல்லின் மேற்பூச்சான எனாமல்தான் மனித உடம்பிலே மிகக் கடினமான பொருள். தோலும் தசையும் எரிந்தோ அழுகியோ போன பின்பும் அது நிற்கும். ஆனால் ஒரு பல் தனியே நின்று யாருடைய பெயரையும் சொல்லாது.

நான் படித்தது வணிகமாணி, பார்த்த வேலை கணக்கு. எங்கள் தொழிலில் வங்கி இணக்கக் கூற்று என்று ஒன்று உண்டு. எங்களுடைய காசேட்டையும் வங்கி அனுப்பும் கூற்றையும் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்ப்போம். பல் மூலம் ஆளை அடையாளம் காண்பதும் இதே வேலைதான். உடலிலிருந்து எடுத்த எக்ஸ்றே ஒரு ஏடு. அந்த ஆள் உயிரோடிருந்தபோது பல் வைத்தியர் எடுத்த படமும் எழுதிய அட்டையும் மற்ற ஏடு. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் எந்த நிபுணராலும் இணக்கம் காண முடியாது.

ஒப்பிடுவதற்கு எக்ஸ்றேயில் நிறைய இருக்கிறது. பல் அடைத்த உலோகம் வெள்ளையாகத் தெரியும். அதன் விளிம்பு ஒவ்வொருவருக்கும் வேறு வடிவம். வேரின் வளைவு, வேர்க்குழாய்ச் சிகிச்சையின் தடம், மேல்தாடைக்கு மேலுள்ள காற்றறையின் எல்லைக்கோடு எல்லாம் உதவும். முழுத்தாடையையும் ஒரே படத்தில் காட்டும் முயற்சியில் யப்பானியருக்கு முக்கிய இடம் உண்டு. வளைந்த ஃபிலிமை வாய்க்குள் வைத்து, ஒடுங்கிய கதிரை வெளியே சுற்றவிட்டு, நுமாட்டா என்ற ஆய்வாளர் 1933இல் அப்படியொரு படம் எடுத்தார். அதை வைத்தியசாலைக் கருவியாக வளர்த்தெடுத்தவர் பின்லாந்தின் பாட்டெரோ. 1990களில் நிஹோன் பல்கலைக்கழகத்தின் அராய் பல்லுக்கென்றே முப்பரிமாண ஸ்கானர் ஒன்றை உருவாக்கினார்.

1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி யப்பான் எயார்லைன்ஸ் 123 விமானம் குன்மா மாகாணத்து மலையில் விழுந்தது. இருந்தவர்கள் 524 பேர், பிழைத்தவர்கள் 4 பேர். மரபணுப் பரிசோதனை அப்போதுதான் ஆய்வுகூடத்தில் பிறந்திருந்தது; பொலிசாரின் கைக்கு வரவில்லை. கோடை வெயிலில் உடல்களும் உடற்பாகங்களும் புஜியோக்கா நகரின் உடற்பயிற்சி மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டன. உடைகளையும் கைரேகைகளையும் பொலிசார் பார்க்க, பல் வைத்தியர்கள் தாடைகளைப் படம்பிடித்து, நாடெங்குமிருந்து வந்த சிகிச்சை அட்டைகளோடு ஒப்பிட்டார்கள்.

இந்த விபத்து யப்பானிய புனைகதைக்குள்ளும் வந்தது. யமசாக்கி டொயோக்கோவின் ‘மூழ்காத சூரியன்’ (1999) விமானக் கொம்பனி ஊழியர் ஒருவரை இறந்தவர்களின் குடும்பங்களுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறது. யொக்கோயாமா ஹிடெயோ அந்தக் காலத்தில் குன்மாவின் உள்ளூர்ப் பத்திரிகை நிருபர். அவருடைய ‘கிளைம்பர்ஸ் ஹை’ (2003) பெரும்பாலும் செய்தி அறைக்குள்ளேயே நடக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். அழுகையை அது அதிகம் காட்டாது. எதை உறுதியாகத் தெரிந்தபின் அச்சிடலாம் என்ற சண்டையைத்தான் காட்டும்.

2011 மார்ச் 11 சுனாமி வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. பதினையாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையோர ஊர்களில் நோயாளியை மட்டுமல்ல, அவருடைய பல் வைத்தியரின் கிளினிக்கையும் கடல் கொண்டுபோனது. இரண்டாவது ஏடே இல்லை. அப்போது உதவிய ஆவணங்களில் ஒன்று ‘ரெசெப்டோ’. அது சிகிச்சைக்கான காசைக் கேட்டு மாதாமாதம் காப்புறுதிக்கு அனுப்பும் பட்டியல். எந்தப் பல்லில் என்ன வேலை செய்தது என்று அதில் இருக்கும்; கடலுக்கு எட்டாத இடத்தில் பிரதி இருக்கும். யாரோ ஒரு எழுதுவினைஞர் காசுக்காகப் பதிந்த வரி, ஒரு குடும்பத்துக்கு அவர்களின் ஆளைத் திருப்பிக் கொடுக்க உதவியது. கணக்கு எழுதுகிறவர்களை உயிரில்லாத வேலை செய்கிறவர்கள் என்று சொல்வோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். பிறகுதான் பல் விபரங்களைப் பதிய ஒரே சீரான குறியீடு வேண்டும் என்று யப்பானிய அரசு வேலையைத் தொடங்கியது.

ஏடுகள் பொய் சொன்னால் என்னாகும்? மியாபே மியுக்கியின் ‘காஷா’ (1992) இதைத்தான் கேட்கிறது. கடனட்டையில் மூழ்கி வங்குரோத்தான பெண்ணொருத்தியைத் தேடுகிறார் விடுப்பிலிருக்கும் துப்பறிவாளர். அந்த வழக்கைப் பார்த்த சட்டத்தரணியிடம் படத்தைக் காட்டினால், “இது அவர் இல்லை” என்கிறார். பெயர், குடும்பப் பதிவு, முகவரி எல்லாம் சரி, ஆள் வேறு. ஹிகாஷினோ கெய்கோவின் நவோக்கி பரிசு பெற்ற ‘சந்தேக நபர் எக்ஸின் அர்ப்பணிப்பு’ (2005) மறுபக்கம்: முகம் சிதைத்து விரல்நுனி கருக்கிய உடலொன்று ஆற்றங்கரையில் கிடக்கிறது. அதற்குப் பொலிசார் எந்தப் பெயரை, எதை வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் முடிச்சு. இனிமேல் படிக்கப் போகிறவர்களுக்காக இதோடு விடுகிறேன்.

மன்னாரிலும் செம்மணியிலும் புதைகுழிகள் தோண்டப்பட்ட செய்திகளை வாசித்தபோது எனக்கு இந்த இரண்டாவது ஏடுதான் நினைவுக்கு வந்தது. பல்லுக்கொதி வந்தால் பிடுங்கிவிடுவதே எங்கள் ஊர்களில் பெரும்பாலும் வைத்தியம். படம் எடுப்பது அரிது. எடுத்தவர்களின் பதிவுகளும் இடப்பெயர்வுகளில் தப்பியிருப்பது கடினம்.

ஆனாலும் குடும்பங்களிடம் ஒன்றுமே இல்லை என்பதல்ல. முன்பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு பழைய படம் பல் ஆய்வாளருக்குப் பயன்படும். எந்தப் பல் பிடுங்கியது, எது உடைந்தது, எங்கே இடைவெளி, கட்டுப்பல் இருந்ததா என்பவற்றை நினைவிருக்கும்போதே எழுதி வைக்கலாம். வளரும் வயதினராக இருந்தால், பல் எவ்வளவு உருவாகியிருக்கிறது என்பதை எக்ஸ்றேயில் பார்த்து வயதை ஓரளவு கணிக்கலாம். பல்லின் உள்ளே மரபணுவும் நீண்டகாலம் காப்பாற்றப்பட்டிருக்கும். அதற்கு மற்ற ஏடு இரத்த உறவின் மாதிரி. தாயின் மாதிரி மிகப் பயனுள்ளவற்றில் ஒன்று. 2017இல் வீதியோரம் உட்காரத் தொடங்கிய தாய்மாரில் பலர் இப்போது இல்லை. அவர்களின் மாதிரி எடுக்கப்படாமல் போயிருந்தால் அடுத்து சகோதரங்களிடம்தான் கேட்க வேண்டும். அந்தச் சகோதரங்களிற் பலர் இருப்பது ரொறன்ரோவிலும் பாரிசிலும் இலண்டனிலும்.