தமிழ் மறுமலர்ச்சி: சுவடிக் கட்டிலிருந்து கேமரன் மலை வரை

தமிழ் மறுமலர்ச்சி என்பது 19ஆம் நூற்றாண்டில் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நடந்த பழந்தமிழ் மீட்பைக் குறிக்கும். சங்கப் பாடல்கள், காப்பியங்கள், இலக்கணம், இசை, கூத்து எல்லாம் இதில் அடங்கும். யாழ்ப்பாணத்திலும் சோழநாட்டிலும் சென்னையிலும் வளர்ந்த இந்த முயற்சி கடல் கடந்து மலாயாவின் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்தது. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் ரிங்லெட், ஹாபு, லெம்பா பெர்த்தாம் வட்டாரம் வரை அது எப்படி வந்தது என்பதையும் இக்கட்டுரை சொல்கிறது.

ஐரோப்பிய மறுமலர்ச்சியோடு இதை ஒப்பிடுவது வழக்கம். 1417இல் போஜ்ஜோ பிராச்சோலினி ஒரு மடத்தில் லுக்ரீஷியஸின் நூற்படியைக் கண்டெடுத்ததும், தமிழறிஞர்கள் ஆதீன மடங்களில் ஏடு தேடியதும் ஒரே வகை வேலைதான். ஆனால் பிளாரன்ஸ் நகரத்து அறிஞர்களுக்கு மெடிச்சி குடும்பத்தின் பணப்பெட்டி திறந்திருந்தது. தமிழுக்கு அப்படி ஓர் அரசவை வாய்க்கவில்லை. இங்கே வேலையைச் செய்தவர்கள் பள்ளி ஆசிரியர்கள், நீதிமன்ற அலுவலர்கள், துறவிகள். செலவைப் பெரும்பாலும் தாங்கியது நூல் வெளிவருமுன்பே கையொப்பமிட்டுப் பணம் தந்த வாசகர்கள். பின்னால் மலாயாவில் தோட்டத் தொழிலாளிகளும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள்.

ஏடும் அச்சும்

சங்க நூல்கள் முழுதும் மறக்கப்பட்டுக் கிடந்தன என்று மேடைகளில் சொல்லப்படுவது மிகை. திருமுருகாற்றுப்படை பதினோராம் திருமுறையில் இடம்பெற்றதால் பாராயணத்திலேயே இருந்தது. மற்ற நூல்களின் பெயர்களும் புலவர்களுக்குத் தெரியும். இலக்கணக் கொத்து எழுதிய சுவாமிநாத தேசிகர் பத்துப்பாட்டு, எட்டுத்தொகை, சிந்தாமணி முதலியவற்றைக் கற்பதே வாழ்நாளை வீணாக்குவது என்று கருதியவர். நூல் இருப்பது தெரிந்தும் படிக்க வேண்டாம் என்ற சமய மனப்பான்மையே பெரிய தடை. அவர் சார்ந்த திருவாவடுதுறை ஆதீனத்தின் ஏட்டுச் சுவடிகள்தாம் பிற்காலத்தில் பதிப்பாசிரியர்களுக்குப் பெரிதும் உதவின என்பதையும் இங்கே நினைக்க வேண்டும்.

1812இல் சென்னையில் திருக்குறளும் நாலடியாரும் அச்சேறின. 1847இல் மழவை மகாலிங்கையர் தொல்காப்பிய எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சுக்கூடம் நிறுவி, பிழை நீக்கிப் பதிப்பிக்கும் ஒழுங்கைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம் பிள்ளை (1832–1901) வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885), கலித்தொகை (1887) ஆகியவற்றை வெளிக்கொணர்ந்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளைப் பற்றியும் அவற்றைக் காக்க முன்வராத செல்வர்களைப் பற்றியும் அவர் பதிப்புரைகளில் மனம் நொந்து எழுதியிருக்கிறார். இவருக்கு உரிய புகழ் இன்றளவும் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

1880 அக்டோபர் 21 இந்த வரலாற்றில் முக்கியமான நாள். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் அன்று அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை என்று அடுக்கினார். இவற்றால் என்ன பயன், சிந்தாமணி படித்ததுண்டா என்ற தொனியில் முதலியார் திருப்பிக் கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட ஐயரிடம் அதற்குப் பதில் இல்லை. முதலியார் தந்த படியை வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியபோது, சமண சமயம் தெரியாமல் அந்தக் காப்பியம் விளங்காது என்பது புலப்பட்டது. கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்ச் சந்திரநாத செட்டியார் போன்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். சைவ மரபில் வளர்ந்த ஒருவர் சமணர் திண்ணையில் மாணவராக உட்கார்ந்தாரே, மறுமலர்ச்சியின் உயிர்நாடி அதுதான். சீவகசிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகியவை தொடர்ந்தன. மணிமேகலைக்குப் பௌத்தம் தெரிய வேண்டியிருந்தது. மளூர் ரங்காசாரியர் துணை செய்தார்.

ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரம், ஏகாரம் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். அடி பிரிக்காமல் வரி நீளும். செல்லரித்த இடத்தில் சொல்லே இராது. பத்துப்பாட்டில் கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவிக்கும் மலர்கள் வரிசையாக வருகின்றன. இன்றைய கணக்கில் 99. ஐயர் கையிலிருந்த சுவடிகளில் அந்த வரிசையின் ஒரு பகுதி விட்டுப்போயிருந்தது. தருமபுர ஆதீனத்துச் சுவடிக் கட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டியபோது விடுபட்ட மலர்கள் அகப்பட்டன. பிற்காலத்தில் 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையில் அவரே அதை விவரித்தார். எல்லாத் தேடலும் இப்படி முடியவில்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் இட்டுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். எத்தனை நூல்கள் அந்தத் தீயில் போயின என்று எண்ணிப் பார்த்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அதன் 'செந்தமிழ்' இதழ் ஆராய்ச்சிக்குக் களமாயிற்று. பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணை 1915இல் வெளிவந்தது. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் மீட்பைப் பேச்சுவழக்குக்கும் ஆட்பெயர்களுக்கும் கொண்டுவந்தது.

இசையும் ஆடலும்

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். விபுலாநந்த அடிகள் சிலப்பதிகாரத்தைத் துணைக்கொண்டு பழைய யாழ்களின் அமைப்பை ஆராய்ந்து எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வந்தது. தமிழிசைச் சங்கம் 1943இல் அமைந்தது. ஆடலின் கதை இவ்வளவு தெளிந்த மகிழ்ச்சி தருவது அன்று. சதிர் பரதநாட்டியமாகப் பெயர் பெற்று, 1936இல் ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்ரா போன்ற இடங்களில் மதிப்புப் பெற்றபோது, தலைமுறை தலைமுறையாக அதைக் காத்த இசைவேளாளர் குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து ஒதுங்க நேர்ந்தது. பாலசரஸ்வதி போன்ற ஒரு சிலரே அந்த மரபிலிருந்து நிலைத்து நின்றார்கள். நூலை மீட்டவர்கள் ஏட்டைத் தந்தவரை நன்றியோடு முன்னுரையில் குறித்தார்கள். ஆடலை மீட்டவர்கள் எல்லோரும் அந்த நேர்மையைக் காட்டினார்கள் என்று சொல்ல முடியாது.

மலாயாவில்

மலாயாவுக்கு வந்த தமிழரில் பெரும்பாலோர் கங்காணிகள் வழியாகத் தோட்ட வேலைக்கு வந்தவர்கள். கேமரன் மலையில் தேயிலை பிந்தி வந்தது. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் தாப்பாவிலிருந்து மலைப்பாதை வந்தது. காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களில் தமிழர் மிகுதி. விடியுமுன் பிரட்டுக்களத்தில் ஆள் கணக்கு, முதுகில் கூடை, மாலையில் நிறுவை, இரவு லயத்து வீடு என்று போனது நாள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல தோட்டங்களில் அது ஒரே அறை, ஒரே வாத்தியார் என்ற அளவில்தான் நடந்தது. அந்த ஓரறைப் பள்ளிகள் இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவும் வந்திராது.

மறுமலர்ச்சியை இங்கே பெரிய அளவில் பரப்பியவர் கோ. சாரங்கபாணி. 1924இல் சிங்கப்பூர் வந்து, 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். 1952இல் அவர் தொடக்கிய தமிழர் திருநாள் மலாயா எங்கும் பரவியது. பேச்சு, கட்டுரை, பாட்டு, விளையாட்டு என்று போட்டிகள் நடந்தன. முரசின் மாணவர் மணிமன்றம் பிள்ளைகளை எழுத வைத்தது. அதில் எழுதிப் பழகியவர்கள் பின்னால் எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் ஆனார்கள்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரும் பரிந்துரை எழுந்தது. தமிழே வேண்டும் என்று சாரங்கபாணி கிளர்ந்தெழுந்து, 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் திரட்டினார். தொழிலாளிகள் ஒற்றை வெள்ளியாகக் கொடுத்த பணமும் அதில் உண்டு. அது பல்கலைக்கழகத் தமிழ் நூல் சேகரிப்புக்கு உதவியது. 1956இல் துறை சிங்கப்பூரில் தமிழோடு தொடங்கியது; பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. நூறு வெள்ளி கொடுக்க வசதியில்லாதவர்கள் தங்கள் பிள்ளைகள் என்றோ படிக்கப்போகும் நூல்களுக்காக ஒரு வெள்ளி கொடுத்தார்கள். மெடிச்சிகளின் கொடையை விட இது எனக்குப் பெரிதாகவே படுகிறது.

1961இல் அத்துறைக்குத் தலைமை ஏற்றவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத் தீவகமான ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்த கத்தோலிக்கக் குரு. தமிழை முறையாகக் கற்றது தமிழகத்தின் தெற்கே வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதும் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும். சங்கப் பாடல்களில் இயற்கை அவருடைய ஆய்வுப் பொருள். மலை, காடு, வயல், கடல் என்ற நிலப்பகுப்பைப் பிறநாட்டு இலக்கியங்களோடு ஒப்பிட்டு எழுதினார். 1964 ஜனவரியில் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். அதன் முதல் மாநாடு சென்னையிலோ மதுரையிலோ நடக்கவில்லை. 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில், பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கிவைக்க நடந்தது. 1987இலும் 2015இலும் மாநாடு மீண்டும் அந்நகருக்கே வந்தது. ஆடலில், 1981இல் அமைந்த டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸும் 1983இல் ரம்லி இப்ராகிம் நிறுவிய சூத்ராவும் குறிப்பிடத்தக்கவை. பரதமும் ஒடிசியும் ஆடும் ரம்லி மலாய்க்காரர்.

மலையில் இன்று

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் இன்று கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேச, நேபாளத் தொழிலாளர்கள் மிகுதி. இயந்திர அறுவடையும் வந்துவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் பல ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போயின. இருந்தும் மலையில் தமிழ்ப்பள்ளிகள் நடக்கின்றன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், திருக்குறள் முதலியவை செய்யுள், மொழியணிப் பாடமாக ஆண்டுதோறும் கற்பிக்கப்படுகின்றன. இடைநிலைப்பள்ளி முடிவில் தமிழ் இலக்கியத்தைத் தேர்வுப் பாடமாக எடுக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் தட்டச்சால் சங்க நூல்களை இணையத்தில் ஏற்றியபின், குறிஞ்சிப்பாட்டின் மலர்களைத் தேட ஆதீனத்துக்கு நடக்க வேண்டியதில்லை.

இந்த மீட்பில் ஒரு குறை உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய குறத்தியின் பாட்டைத் தோட்டத்துப் பிள்ளைக்குக் கொண்டுசேர்த்த இயக்கம், அந்தப் பிள்ளையின் பாட்டி பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் கங்காணியைக் குறை சொல்லும் வேலைப்பாட்டையும் நெடுங்காலம் இலக்கியமாகக் கருதவில்லை. அவற்றுக்கு ஏடும் கிடையாது. பாடியவர் மறைந்தால் பாட்டும் மறைந்தது. மலேசியாவில் இதை உணர்ந்து செயல்பட்டவர்களுள் ஒருவர் 'நாடு விட்டு நாடு' எழுதிய முத்தம்மாள் பழனிசாமி. தம் தாயின் வாய்வழி வந்த பாட்டுகளைத் தேடித் தொகுத்து 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்று நூலாக்கினார். தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் அவ்வேலை நடக்க வேண்டும். பாட்டு நினைவிருக்கும் முதியவர்கள் சிலர் இருக்கும்போதே ஒலிப்பதிவுக் கருவியோடு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார ஆட்கள் தேவை.