வணிக நுழைவிசைவு (திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரம்)

வணிக நுழைவிசைவு என்பது, ஒரு நாட்டில் ஊதியப் பணியில் அமராமல், தொழில் அல்லது வணிகம் தொடர்பான அலுவல்களுக்காகக் குறுகிய காலம் வந்து செல்லும் வெளிநாட்டவருக்கு அந்நாட்டு அரசு வழங்கும் அனுமதி ஆகும். பேச்சு வழக்கில் இது பிசினஸ் விசா எனப்படுகின்றது. இக்கட்டுரை இந்திய வணிக நுழைவிசைவைப் பற்றியும், தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்துக்கு முதன்முறையாக வருவோரும் அங்கிருந்து முதன்முறையாக வெளிநாடு செல்வோரும் அதனால் எதிர்கொள்ளும் சிக்கல்களைப் பற்றியும் விளக்குகின்றது.

கூட்டத்தில் பேசுவது வணிகம், தொழிற்சாலையில் வேலை செய்வது பணி என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கிய இயந்திரத்தைப் பொருத்தித் தர அதனுடன் வரும் பொறியாளர் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பது அவ்வளவு எளிதான கேள்வி அன்று. இந்திய அரசு இக்கேள்விக்குக் கொடுத்த விடை 2025 ஆம் ஆண்டில் மாறியது.

தொழில் வட்டாரம்

இராமானுசர் பிறந்த ஊராக அறியப்படும் திருப்பெரும்புதூர், சென்னையில் இருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. இவ்வூரையும் சிங்கப்பெருமாள் கோயிலையும் இணைக்கும் சாலையில் ஒரகடம் உள்ளது. தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்துள்ளது.

தென் கொரியாவின் ஹுண்டாய் நிறுவனம் 1996 இல் தனது இந்தியக் கிளையை நிறுவி, இருங்காட்டுக்கோட்டையில் 1998 இல் சான்ட்ரோ மகிழுந்தைத் தயாரிக்கத் தொடங்கியது. அதற்கு உதிரிப் பாகங்கள் வழங்கும் கொரிய நிறுவனங்களும் உடன் வந்தன. பின்லாந்தின் நோக்கியா 2006 முதல் 2014 வரை இங்கு கைப்பேசிகளைத் தயாரித்தது. சாம்சங் ஆலை 2007 இலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010 இலும், செருமனியின் டைம்லர் சரக்குந்து ஆலை 2012 இலும் செயற்படத் தொடங்கின. தைவானின் ஃபாக்ஸ்கான் நிறுவனம் இவ்வட்டாரத்திலும் ஐபோன்களைத் தயாரிக்கின்றது. புதிய மாதிரி ஒன்று அறிமுகமாகும் ஒவ்வொரு முறையும் உற்பத்தி வரிசை மாற்றி அமைக்கப்படுகின்றது. புதிய அச்சுகளும் எந்திரன்களும் சோதனைக் கருவிகளும் கப்பலில் வருகின்றன. அவற்றை அறிந்தவர்கள் வானூர்தியில் வருகின்றனர். வட்டாரத்துக்கு வரும் வெளிநாட்டவருள் முதலீட்டாளரையும் மேலாளரையும் விட இவர்களைப் பற்றியே விதிகளில் ஐயம் அதிகம் எழுந்தது.

அனுமதிக்கப்பட்டவையும் விலக்கப்பட்டவையும்

இந்திய உள்துறை அமைச்சின் வழிகாட்டுதல்களின்படி, தொழில் தொடங்க வாய்ப்புகளை ஆராய்தல், பொருட்களை வாங்குதல், விற்றல், வணிகப் பேச்சுகளில் கலந்துகொள்ளுதல், கண்காட்சிகளில் பங்கெடுத்தல், ஆட்களைத் தேர்ந்தெடுத்தல் முதலியன வணிக நுழைவிசைவில் அடங்கும். நடந்துகொண்டிருக்கும் திட்டம் ஒன்றின் முன்னேற்றத்தைப் பார்வையிடவும் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கவும் வல்லுநர் குறுகிய காலம் வரலாம். விற்பனைக்கு முன்னும் பின்னுமான சேவைகளும், அவை ஒப்பந்த வேலையை நிறைவேற்றுவதாக அமையாத வரை, இதில் அடங்கும். பணம் கடன் கொடுத்தல், சிறு வணிகம் செய்தல், இந்தியாவில் ஊதியம் பெறும் முழுநேரப் பணி ஆகியவற்றுக்கு இடமில்லை.

விற்பனை ஒப்பந்தத்தின் ஒரு பகுதியாக இயந்திரத்தை நிறுவி இயங்கச் செய்ய வரும் பொறியாளரும் தொழில்நுட்பரும், அது சில நாள் வேலையே ஆயினும், பணி நுழைவிசைவு பெற்றே வரவேண்டும் என்பது நீண்ட காலம் விதியாக இருந்தது. எனவே ஒரே அழுத்து இயந்திரத்தைப் பார்க்க வந்த இருவருள், அது சரியாக ஓடுகின்றதா என்று பார்த்து அறிவுரை சொல்பவர் வணிகப் பயணி ஆனார். திருகுச் சாவியைக் கையில் எடுத்தவர் பணியாளர் ஆனார். தொழிற்சாலைத் தளத்தில் இவ்விருவரும் பெரும்பாலும் ஒருவரே என்பதை இவ்விதி கருத்திற் கொள்ளவில்லை.

2009 ஆம் ஆண்டு நடவடிக்கை

2009 க்கு முன்னர் இவ்வேறுபாடு நடைமுறையில் இறுக்கமாகப் பின்பற்றப்படவில்லை. மின்நிலையங்கள் போன்ற திட்டங்களில் ஏராளமான வெளிநாட்டுத் தொழிலாளர்கள், குறிப்பாகச் சீனர்கள், வணிக நுழைவிசைவிலேயே வேலை செய்துவந்தனர். 2009 இல் இந்திய அரசு, திட்ட வேலைகளில் ஈடுபட்டுள்ள வணிக நுழைவிசைவாளர்கள் அக்டோபர் 31 க்குள் நாட்டை விட்டு வெளியேறி, உரிய பணி நுழைவிசைவுடன் திரும்பி வருமாறு அறிவித்தது. மின்னுற்பத்தியையும் எஃகையும் கருதி எழுந்த இந்நடவடிக்கை எல்லாத் துறைகளையும் பாதித்தது. நாட்டுக்குள் இருந்தபடியே வணிக நுழைவிசைவைப் பணி நுழைவிசைவாக மாற்றிக்கொள்ளப் பொதுவாக இயலாது என்பதால், பிழையைத் திருத்தத் தாய்நாட்டுக்குப் பயணம் செய்யவேண்டியிருந்தது.

பணி நுழைவிசைவுக்கு ஆண்டொன்றுக்கு 25,000 அமெரிக்க டாலர் குறைந்தபட்ச ஊதியமும் வரையறுக்கப்பட்டது. பின்னர் இது 16.25 இலட்சம் ரூபாய் எனக் குறிக்கப்பட்டது. தம் நாட்டு உணவைச் சமைக்க வரும் சமையற்காரர்கள், மொழி ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் முதலியோருக்கு இவ்வரம்பில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இதனால் கொரிய உணவகத்தின் சமையற்காரருக்குக் கிடைத்த எளிமை, அங்கே உண்ண வந்த இளநிலைத் தொழில்நுட்பருக்குக் கிடைக்கவில்லை. 2010 இல் உருவாக்கப்பட்ட திட்ட நுழைவிசைவு மின்னுற்பத்தி, எஃகு ஆகிய இரு துறைகளுக்கே உரியதாக இருந்ததால், மகிழுந்து, கைப்பேசி ஆலைகளுக்கு அது பயன்படவில்லை.

மின்-நுழைவிசைவு

2014 நவம்பர் 27 அன்று இந்தியா இணையவழி நுழைவிசைவை 43 நாடுகளின் குடிமக்களுக்கு அறிமுகப்படுத்தியது. தென் கொரியா, ஜப்பான், செருமனி, பிலிப்பைன்ஸ் ஆகியவை இந்நாடுகளுள் அடங்கும். தொடக்கத்தில் ஏற்கப்பட்ட ஒன்பது வானூர்தி நிலையங்களுள் சென்னையும் ஒன்று. அப்போது ஒரே வகையாக இருந்த இது, 2017 ஏப்ரலில் சுற்றுலா, வணிகம், மருத்துவம் எனப் பிரிக்கப்பட்டது.

மின்-வணிக நுழைவிசைவு ஓராண்டுக்குச் செல்லும். பலமுறை வந்து செல்லலாம். ஒரு வருகையில் 180 நாட்கள் வரை தங்கலாம். தூதரகத்தில் பெறும் வழக்கமான வணிக நுழைவிசைவு ஐந்தாண்டுகள் வரையிலும், சில நாட்டவருக்கு அதற்கு மேலும் வழங்கப்படுகின்றது.

பெருந்தொற்றும் சீனரும்

கோவிட்-19 பெருந்தொற்றின்போது, 2020 மார்ச் 13 முதல் இந்தியா ஏறத்தாழ எல்லா நுழைவிசைவுகளையும் இடைநிறுத்தியது. பணி, திட்ட நுழைவிசைவுகளுக்கு விலக்கு இருந்தது. வணிக நுழைவிசைவுக்கு இல்லை. 2020 சூனில் வணிகர்களும் பொறியியல் வல்லுநர்களும் சிறப்பு வானூர்திகளில் வர அனுமதிக்கப்பட்டனர். அதே மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் நிகழ்ந்த மோதலுக்குப் பின்னர், சீனக் குடிமக்கள் எவ்வகை நுழைவிசைவும் பெறுவது பல ஆண்டுகள் கடினமாயிற்று. மின்னணு உற்பத்திக் கருவிகள் பல சீனாவிலேயே செய்யப்படுவதால், கருவி வந்து சேர்ந்தும் அதைப் பொருத்துபவர் வர இயலாத நிலை தோன்றியது.

2025 ஆம் ஆண்டு மாற்றங்கள்

2025 இல் உள்துறை அமைச்சு, விற்பனை ஒப்பந்தத்தின்படி கருவிகளை நிறுவுதல், இயக்கத்துக்குக் கொண்டுவருதல் முதலிய வேலைகளைப் பணி வகையில் இருந்து வணிக வகையின் பி-4 என்னும் உட்பிரிவுக்கு மாற்றியது. தரச் சோதனை, இன்றியமையாத பராமரிப்பு, பயிற்சி அளித்தல், ஆலை வடிவமைப்பு ஆகியவையும் இதில் அடங்கும். அழைக்கும் இந்திய நிறுவனம் தேசிய ஒற்றைச் சாளர இணையத்தளத்தில் அனுசரணைக் கடிதத்தை உருவாக்கும் வசதி அதே ஆண்டு நவம்பரில் ஏற்படுத்தப்பட்டது.

இதனால் எல்லா வணிக நுழைவிசைவும் திருகுச் சாவியைப் பிடிக்க அனுமதிப்பதாகக் கொள்ளலாகாது. பி-4 உட்பிரிவுக்கு அனுசரணைக் கடிதம் தேவை. பேச்சுவார்த்தைக்கென்று பெற்ற சாதாரண மின்-வணிக நுழைவிசைவு அவ்வேலைக்கு உரியதன்று.

முதன்முறை விண்ணப்பம்

முதன்முறையாக விண்ணப்பிப்பவர், எடுத்துக்காட்டாக மணிலாவில் இருந்து ஒரகடம் வரவிருக்கும் ஒரு பிலிப்பைன்ஸ் பொறியாளர், தாம் ஆலையில் என்ன செய்யப்போகிறார் என்பதையே முதலில் தீர்மானிக்கவேண்டும். வகை அதில் இருந்தே முடிவாகின்றது. தங்கும் நாட்களின் எண்ணிக்கையில் இருந்து அன்று.

கடவுச்சீட்டு வருகை நாளில் இருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகவேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்கவேண்டும். மின்-வணிக விண்ணப்பத்துக்கு வணிக அறிமுக அட்டையின் படியும், இந்திய நிறுவனத்தின் அழைப்புக் கடிதமும், இரு நிறுவனங்களின் முகவரி, தொலைபேசி முதலிய விவரங்களும் கேட்கப்படுகின்றன. பயணத்துக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்கவேண்டும். மறுக்கப்பட்டாலும் கட்டணம் திருப்பித் தரப்படுவதில்லை. அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் பெறும் தனியார் தளங்கள் பல உள்ளதால், முகவரி இந்திய அரசுக்குரியதா என்று பார்த்துக்கொள்வது நன்று. விண்ணப்பத்தில் கடந்த பத்தாண்டுகளில் சென்ற நாடுகள் கேட்கப்படும். எங்கும் சென்றிராதவர் அவ்வாறே குறிப்பிடலாம்.

அழைப்புக் கடிதம் இவற்றுள் முதன்மையானது. வருபவர் யார், எந்த ஆலையில், எவ்வளவு காலம், எதற்காக, செலவு யாருடையது என்பன அதில் தெளிவாக இருக்கவேண்டும். "தொழில்நுட்ப உதவிக்காக" என்று பொதுப்பட எழுதப்படும் கடிதம் பாதுகாப்பானதாகத் தோன்றினாலும், குடிவரவு அலுவலர் கேள்வி கேட்கும்போது பதில் சொல்லவேண்டியவர் கடிதத்தை எழுதியவர் அல்லர், அதைக் கொண்டுவந்தவரே. ஊரின் பெயர் ஆங்கிலத்தில் பலவாறு எழுதப்படுவதாலும், சில நிறுவனங்கள் சென்னை அலுவலக முகவரியையே தருவதாலும், கடிதத்திலும் விண்ணப்பத்திலும் ஒரே முகவரியைப் பயன்படுத்துவது வீண் ஐயங்களைத் தவிர்க்கும்.

பெயரும் கவனத்துக்குரியது. பிலிப்பைன்ஸ் கடவுச்சீட்டில் தாயின் பிறந்த குடும்பப் பெயர் நடுப்பெயராகத் தனியே அச்சிடப்படுகின்றது. கொரியப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். கடவுச்சீட்டில் உள்ளவாறே, எழுத்து மாறாமல் நிரப்புவதே முறை. கடவுச்சீட்டு எண்ணில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் வானூர்தியில் ஏறுவதே தடைப்படலாம்.

வந்து சேர்ந்த பின்னர்

மின்-நுழைவிசைவில் வருவோரின் விரல்ரேகையும் ஒளிப்படமும் வானூர்தி நிலையத்தில் பதிவு செய்யப்படுகின்றன. விடுதியோ வாடகை வீடோ, வெளிநாட்டவருக்கு இடம் அளிப்பவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும். இது நீண்ட காலம் "படிவம் சி" என்று அறியப்பட்டது. பெரிய விடுதிகள் இதைத் தவறாமல் செய்கின்றன. ஆலைகளுக்கு அருகில் வீட்டை வாடகைக்கு விடுவோர் பலர் தமக்கு இக்கடமை உண்டென்பதை அறியார். நீண்ட காலம் தங்குவோர் சென்னையில் உள்ள வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதியவேண்டும். 2018 முதல் இதனை இணையவழியிலேயே செய்யலாம்.

1946 ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக, குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம், 2025 அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இதன்படி நுழைவிசைவின் நிபந்தனைகளை மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, மூன்று இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இங்கிருந்து செல்வோர்

இவ்வட்டாரத்தின் பொறியாளர்களும் பட்டயப் படிப்பு முடித்த தொழில்நுட்பர்களும் பயிற்சிக்காகவும் இயந்திரம் வாங்கும் முன் சோதிக்கவும் கொரியா, ஜப்பான், செருமனி முதலிய நாடுகளுக்குச் செல்கின்றனர். அவர்களுட் பலருக்கு அதுவே முதல் வெளிநாட்டுப் பயணம். தென் கொரியா, ஜப்பான் ஆகிய இரண்டுக்கும் சென்னையில் துணைத் தூதரகங்கள் உள்ளன. ஜப்பானின் குறுகிய கால வணிகப் பயணம் 90 நாட்களுக்கு மேற்படாதது. அங்கு ஊதியம் பெறலாகாது. செங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களிலும் மொத்தம் 90 நாட்களே தங்கலாம்.

தமிழருக்கே உரிய ஓர் இடர் தலைப்பெழுத்து ஆகும். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டும் கொண்டு, குடும்பப் பெயர் இன்றி ஒற்றைப் பெயருடன் கடவுச்சீட்டு பெற்றவர்கள், வெளிநாட்டுப் படிவங்களில் இரண்டாம் கட்டத்தை எவ்வாறு நிரப்புவது என்று திகைப்பதுண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டில் சுற்றுலா, வருகை நுழைவிசைவு பெற்றோரை அனுமதிப்பதில்லை என அறிவித்தது. தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. முதன்முறை கடவுச்சீட்டு எடுக்கும்போதே தந்தை பெயரை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதிக்கொள்வது பின்னால் பல தொல்லைகளைக் குறைக்கும்.

ஐக்கிய அமெரிக்காவின் பி-1 வணிக நுழைவிசைவு, வெளிநாட்டில் வாங்கிய இயந்திரத்தை விற்பனை ஒப்பந்தத்தின்படி நிறுவவும் பழுது பார்க்கவும் வருவதை அனுமதிக்கின்றது. கட்டட வேலையை அனுமதிப்பதில்லை. ஆயினும் 2025 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஹுண்டாய், எல்ஜி நிறுவனங்கள் கூட்டாகக் கட்டிவந்த மின்கல ஆலையில் அமெரிக்கக் குடிவரவு அதிகாரிகள் 475 பேரைத் தடுத்து வைத்தனர். அவர்களுள் 300 க்கும் மேற்பட்டோர் கொரியர்கள். ஒரு வாரத்துக்குப் பின்னர் பெரும்பாலோர் தனி வானூர்தியில் தாயகம் திரும்பினர். அதன்பின் இரு நாடுகளும் அமைத்த பணிக்குழு, கருவிகளை நிறுவவும் பேணவும் பழுது பார்க்கவும் பி-1 நுழைவிசைவில் வரலாம் என்பதை உறுதி செய்தது.