உயர்நிலைப் பள்ளி ஆங்கிலமும் தொழில்மொழியும்: ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

இந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் பெரிதும் வேலைவாய்ப்பை முன்னிட்டே கற்கப்பட்டு வந்துள்ளது. ஆயினும், தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலம் எது, அதைக் கற்பிக்கும் பொறுப்பு எந்தப் பாடத்தைச் சார்ந்தது என்னும் வினாக்களுக்குப் பாடத்திட்டங்கள் தெளிவான விடை தரவில்லை. மொழிக்கல்வியும் தொழிற்கல்வியும் தனித்தனிப் பிரிவுகளாக நின்றமையே இதற்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் விளக்க முற்படுகிறது.

2. அலுவலும் ஆங்கிலமும்

1844ஆம் ஆண்டில் ஆளுநர் தலைவர் ஹார்டிஞ்ச் வெளியிட்ட தீர்மானம் அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றோருக்கு முன்னுரிமை அளித்தது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை, மக்களின் வாழ்க்கை நிலைக்கேற்ற பயனுள்ள அறிவைப் பரப்ப வேண்டும் என்றது. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் குழு உயர்நிலைப் பள்ளியின் மேல்வகுப்புகளில் இரு பிரிவுகளைப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு உரியது. மற்றொன்று வணிகம் முதலிய துறைகளுக்கு உரியது. இரண்டாம் பிரிவு செல்வாக்குப் பெறவில்லை. பல்கலைக்கழகத்திற்கும் அலுவலகத்திற்கும் நுழைவுத் தேர்வே வாயிலாக இருந்தமையால், ஏட்டுக்கல்விப் பிரிவே உண்மையில் தொழிற்பிரிவாகவும் விளங்கியது எனலாம்.

3. மைக்கேல் வெஸ்டின் 'ஒப்படைப்பு மதிப்பு'

டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தின் இருமொழியம் பற்றி 1926இல் வெளியிட்ட ஆய்வில் இச்சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகினார். ஆயுள் காப்பீட்டை இடையில் முறித்துக்கொள்பவருக்குத் திரும்பக் கிடைக்கும் தொகையைக் குறிக்கும் கலைச்சொல்லை அவர் மொழிக்கல்விக்கு ஆண்டார். அதனைத் தமிழில் 'ஒப்படைப்பு மதிப்பு' எனலாம். படிப்பை முடிக்காமல் வெளியேறும் மாணவனிடம், அந்நிலையில், பயன்படத்தக்க மொழித்திறன் எவ்வளவு எஞ்சுகிறது என்பதே அவர் எழுப்பிய வினா. படித்தறியும் திறனே இம்மதிப்பை விரைவில் தரும் என்பது அவர் முடிவு. இம்முடிவு விவாதத்திற்குரியது. ஆனால், கல்லூரிக்குச் செல்பவனை விடுத்து, இடையில் நின்றுவிடுபவனை அளவுகோலாகக் கொண்டமை குறிப்பிடத்தக்கது.

4. பல்நோக்குப் பள்ளிகளும் பாடப் பிரிவினையும்

ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளையும் ஏழு விருப்பப் பாடப் பிரிவுகளையும் பரிந்துரைத்தது. இத்திட்டத்தில் மொழிகள் அனைவர்க்கும் உரிய பொதுப் பாடங்களாயின. சுருக்கெழுத்தும் தட்டச்சும் வணிகப் பிரிவில் அடங்கின.

இப்பிரிவினை மொழியியல் நோக்கில் ஆராயத்தக்கது. பிட்மன் சுருக்கெழுத்து எழுத்துக்கூட்டலைப் பின்பற்றாது ஒலிப்பைப் பின்பற்றுகிறது. விரைவு கருதி உயிரொலிக் குறிகள் பெரும்பாலும் விடப்படுகின்றன. எனவே ஒரே மெய்யொலிக் கட்டமைப்பு பல சொற்களுக்கு இடந்தரக்கூடும். குறிப்பைப் படித்துத் தட்டச்சு செய்பவர், தொடரமைப்பையும் பொருட்சூழலையும் கொண்டே உரிய சொல்லை மீட்டெடுக்க வேண்டும். அதன் பின்னர் எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, கடித அமைப்பு ஆகியவற்றைத் தாமே சேர்க்க வேண்டும். ஒலியன், தொடரியல், கருத்தாடல் ஆகிய மூன்று நிலைகளிலும் இயங்கும் இத்திறன் கைத்தொழிற் பயிற்சியாகக் கருதப்பட்டது. மொழிப்பாடமோ இத்திறனைத் தன் எல்லைக்குள் கொள்ளவில்லை.

1964-66 கோத்தாரி குழு இடைநிலைக் கல்வியைத் தொழில் சார்ந்ததாக்க வேண்டும் என வலியுறுத்தியது. ஆங்கிலத்தை அக்குழு உயர்கல்விக்குரிய நூலக மொழியாகக் கண்டது. இவ்விரு கருத்துகளும் ஓர் அறிக்கையிலேயே இடம்பெற்றும், தொழில் கற்பவனுக்கு வேண்டிய ஆங்கிலம் தனிக் கவனம் பெறவில்லை.

5. பயன்பாட்டை நோக்கிய மாற்றம்

1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் என். எஸ். பிரபு நடத்திய திட்டம், இலக்கண வரிசையை விடுத்துச் செயற்பணிகளை மேற்கொண்டது. இரயில்வே கால அட்டவணையையும் நிலப்படத்தையும் கொண்டு மாணவர் சிக்கல்களுக்கு விடை கண்டனர். தொழிற்பயிற்சி இதன் நோக்கமன்று. எனினும் அன்றாட ஆவணங்கள் வகுப்பறைக்குள் வந்தன.

1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவருள் 1990க்குள் 10 விழுக்காட்டினரையும் 1995க்குள் 25 விழுக்காட்டினரையும் தொழிற்பிரிவில் சேர்க்க இலக்கு வகுத்தது. இவ்விலக்கு எட்டப்படவில்லை. 2013இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பை ஒட்டிய பள்ளித் தொழிற்பாடங்களில் 'வேலைவாய்ப்புத் திறன்கள்' என்னும் பகுதி இடம்பெற்றது. தகவல்தொடர்புத் திறனும் கணினித் திறனும் அதன் கூறுகள். தொழில்மொழிக்கு இடம் கிடைத்தது. ஆனால் அது மீண்டும் மொழிப்பாடத்திற்கு வெளியிலேயே அமைந்தது. 2020 கல்விக் கொள்கை, 2025க்குள் குறைந்தது 50 விழுக்காட்டு மாணவர்க்குத் தொழிற்கல்வி அறிமுகம் வேண்டும் என்றபோதும் இப்பிரிவினை விரிவாக ஆராயப்படவில்லை.

6. முடிவுரை

தொழிலிடத்து ஆங்கிலம் தனித்து இயங்குவதில்லை. இயந்திரக் கையேட்டை ஆங்கிலத்தில் படிப்பவர் அதைத் தம் மொழியில் உடன் பணியாளர்க்கு விளக்குகிறார். தம் மொழியில் கேட்ட குறையை ஆங்கிலப் படிவத்தில் பதிவு செய்கிறார். இது மொழிபெயர்ப்புச் செயலே. தொழிற்பாட ஆசிரியர் இதை மொழியாசிரியரின் கடமை என்றும், மொழியாசிரியர் தொழிற்பாடத்தின் கடமை என்றும் விட்டுவிட்டால் கற்பிக்க எவருமிலர். வெஸ்டின் வினாவை ஆங்கிலத் திறனுக்கு மட்டுமன்றி இவ்விருமொழித் திறனுக்கும் விரித்துக் கேட்பது இன்றியமையாதது. பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நீங்குபவனின் கையில் எஞ்சும் மொழியே பாடத்திட்டத்தின் உண்மையான அளவுகோலாகும்.